அப்பாவின் மெட்டில் விடுபட்ட அடி

மகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ மெல்போர்னிலிருந்து போன் எடுத்தபோது, அடுப்பில் கறி எரிகிறது என்று சொல்லி ரிசீவரை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றுமே இருக்கவில்லை. நீயும் அதை நம்பியிருக்க மாட்டாய், என் பிள்ளை அல்லவா. நீ கேட்டது ஒரே ஒரு விஷயம். அப்பா வேலை முடிந்து வரும்போது விசிலடித்துக்கொண்டு வந்த அந்த மெட்டின் கடைசி அடி உனக்கு ஞாபகம் இல்லை. எனக்கு ஞாபகம் இருக்கும் என்கிறாய். நான் அதைப் பாடிக் காட்டினால், அங்கே நீ எழுதிக்கொண்டிருக்கிற, சிம்பனி என்கிற பெரிய வாத்தியக் கோர்வையின் கடைசிப் பகுதியில் அதை வைப்பாய். கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். ஆனால் சின்ன விஷயம் கேட்டு வருகிறவர்களைத்தான் நான் கூடுதலாகச் சந்தேகப்படுகிறவள். தருவதா, மாட்டேன் என்பதா என்று ஒரு கிழமையாக மனதில் போட்டு உருட்டுகிறேன். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன் என்ற பயத்தில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதை நீ ஒளித்துவைக்கத் தேவையில்லை. உனக்குச் சங்கீதம் சொல்லித்தந்த செக் நாட்டு மாஸ்டருக்கும் போனில் வாசித்து ஆங்கிலத்தில் சொல்லு. அவரைப் பற்றியும் இதில் இருக்கிறது.

நான் சந்தேகக்காரி என்பது உனக்குப் புதிய செய்தி அல்ல. பரமட்டா ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் இத்தனை வருடமாக ஊரார் இரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறேன். முதல் பார்வையிலேயே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று காட்டுகிற கண்ணாடித் தகட்டைத்தான் நான் மறுபடி எடுத்துப் பார்ப்பேன். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. நீ நூலகத்துக்குப் போனேன் என்றால் உன் சப்பாத்தில் புல் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். நாங்கள் வென்ட்வேர்த்வில்லுக்குக் குடிவந்த புதிதில் பக்கத்து வீட்டு மனுசி கேக் செய்து கொண்டுவந்து தந்தாள். இவள் என்னத்துக்கு எங்களுக்குக் கேக் தருகிறாள் என்று நான் நாள்கணக்கில் யோசித்தேன். கடைசியில் பார்த்தால், எங்கள் குசினியிலிருந்து வந்த கறிவாசம் எதனுடையது என்று கேட்க அவளுக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். உன் அப்பா இதையெல்லாம் பார்த்துச் சிரிப்பார். "உன்ர அம்மா சாமி கும்பிடேக்கையும் ஒரு கண்ணைத் திறந்துதான் வைச்சிருப்பா. சாமி என்ன செய்யிறார் எண்டு பாக்கவேணுமாம்," என்று உன்னிடம் சொல்லுவார். நீங்கள் இரண்டு பேரும் என்னை வைத்துச் சிரித்த சிரிப்பு எனக்குக் கோபத்தைத் தரவில்லை. வீட்டில் ஒருவராவது கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்படிப்பட்டவளிடம் நீ உன் செக் மாஸ்டரைக் கொண்டுவந்து நிறுத்தினாய். எஞ்சினியரிங் படிக்கப் போன பிள்ளை, வயலினைத் தூக்கிக்கொண்டு இசைக் கல்லூரிக்கு மாறிவிட்டது. அதற்குக் காரணம் தன் நாட்டுக்குள் ரஷ்ய டாங்கிகள் வந்தபோது ஒரு பெட்டியோடு வெளிக்கிட்டு வந்த தனிமனிதர் ஒருவர். நான் எப்படிச் சந்தேகப்படாமல் இருப்பது? பாட நேரம் முடிந்த பிறகும் உன்னைத் தன் பிளாட்டில் மறித்து வைத்திருந்தார். நீ வீட்டுக்கு வரும்போது உன் உடுப்பில் முட்டைக்கோவா அவித்த மணம் அடிக்கும். ஒருநாள் நானே பர்வூட்டுக்கு ரெயில் ஏறிப் போய் அவர் கதவைத் தட்டினேன். கண்ணாடிக் கோப்பையில் பால் விடாத தேநீரைத் தந்து, எலுமிச்சைத் துண்டு ஒன்றையும் மிதக்கவிட்டார். பால் இல்லாத தேநீர் தருகிறவர் எதையோ மறைக்கிறார் என்றே எனக்குப் பட்டது. உங்கள் மகனுக்கு நல்ல காது, அவன் மற்றவர்கள் கேட்காததைக் கேட்கிறான் என்றார். சரி, இவருக்குக் கல்யாணத்துக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்று நான் முடிவுகட்டினேன். பிறகு விசாரித்துப் பார்த்தால் அவருக்கு மகளே இல்லை. எனக்குச் சந்தேகம் இன்னும் கூடியது.

அப்பா திடீரென்று நெஞ்சடைத்துச் செத்து, இங்கே ஐயரும் இல்லாமல் ஊர்ச்சனமும் இல்லாமல் எங்களால் ஏலுமானபடி காரியங்களை முடித்த பிறகு, வீடு சத்தமில்லாமல் கிடந்தது. அப்போதுதான் நீ அந்த இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டாய். இந்த இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு செக் நாட்டுக்காரர் எழுதிய பெரிய வாத்தியக் கோர்வை. அந்த மனிதரின் கதையையும் சொன்னாய். அவருடைய குருவே அவருக்கு மாமனார். குரு செத்ததும் அவர் நினைவாக இதை எழுதத் தொடங்கினாராம். முன்பகுதிகளை முடித்து அடுத்ததில் கைவைத்திருக்கும்போது, அந்தக் குருவின் மகளான தன் மனைவியும் இளவயதில் போய்விட்டாளாம். கடைசியில் வெளிச்சமாக வைக்க நினைத்திருந்ததை எல்லாம் விட்டுவிட்டு, மனைவிக்காக வேறு எழுதினாராம். எனக்கு அந்த மனிதர் மேல் இரக்கம் வந்தது. கூடவே சந்தேகமும் வந்தது. அழுகிறவன் எப்படித் தாளம் எண்ணுவான், எந்த இடத்தில் எந்த வாத்தியம் என்று எப்படிக் கோடு போடுவான்? "செத்தவீட்டில நிண்டுகொண்டு பந்தலுக்கு எத்தினை தடி எண்டு கணக்குப் பாக்கிறவன் மாதிரியெல்லே கிடக்கு," என்று நான் சொன்னேன். உனக்குக் கோபம் வந்தது. அச்சடித்த ஸ்வரப் புத்தகத்தைக் குசினி மேசையில் விரித்து, என்னைக் கதிரையில் இருத்தி, இசைத்தட்டை மறுபடி வைத்தாய்.

அதில் இரண்டாம் பகுதியை நீ எனக்குக் காட்டிய விதத்தை நான் மறக்கவில்லை. அங்கே ஒரேயொரு ஸ்வரம் தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும் நிற்கிறது. ஒரு ட்ரம்பெட் அதைத் தொடங்குகிறது. பிறகு புல்லாங்குழல் வாங்கிக்கொள்கிறது. பிறகு இன்னொருவர். கை மாறுகிறதே தவிர ஸ்வரம் மாறவில்லை. நான் சின்ன வயதில் தம்புராவை மடியில் வைத்துப் பாட்டுப் படித்தவள். நீட்டிப் பிடிக்கிற ஸ்வரம் என்றால் என் காதுக்கு அதுதான் சுருதி, மற்ற எல்லாரும் அதில் வந்து சேர வேண்டும். இங்கே மற்றவர்கள் சேரவில்லை. கொஞ்சம் கேட்டுவிட்டு, "எட தம்பி, இவை சுருதி சேராமலெல்லே வாசிக்கினம்," என்றேன்.

"எது சுருதி, அம்மா?"

"அந்த நீட்டிப் பிடிக்கிறதுதான்."

"அது சுருதியில்லை. அதைத் திரும்பி வாற இடமா நினைக்காதேங்கோ. அது ஆரோ ஒராள் வீட்டுக்குள்ள வந்து நிக்கிற மாதிரி. நிக்கிறவர் அசையேல்லை. அவரைச் சுத்தி வீடுதான் மாறிக்கொண்டு போகுது."

நீ சொன்னதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. நீ கல்லூரிக்குப் போன பிறகு நானே இசைத்தட்டைப் போட்டு, மறுபடியும் மறுபடியும் கேட்டேன். நீ சொன்னது சரிதான். முதலில் அந்த ஸ்வரம் மற்றவர்களோடு ஒத்துப்போகிறது. பிறகு கீழே வயலின்கள் இடம் மாறுகின்றன, அதே ஸ்வரம் இப்போது முள்ளாகக் குத்துகிறது. இன்னும் கொஞ்சம் போக மறுபடி அடங்குகிறது, பிறகு மறுபடி குத்துகிறது. அது தன் பாட்டில் நிற்கிறது, எதையும் செய்யவில்லை. என் வாழ்நாள் முழுக்க நான் கேட்ட சங்கீதத்தில் அந்த இடம் தாயின் மடி மாதிரி. இந்த மனிதர் அதையே எடுத்துப் பயமாக்கி வைத்திருக்கிறார். எனக்கு அவர் மேல் முதல்முறையாக ஒரு மரியாதை வந்தது. அழுதுகொண்டு எண்ணினாரோ எண்ணிக்கொண்டு அழுதாரோ, அந்த வீட்டில் சாவு வந்து நின்றது எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பிறகு நீ அந்தத் தாவலையும் காட்டினாய். ஆதார ஸ்வரத்திலிருந்து எழும்பி, பஞ்சமத்துக்குப் போகாமல் ஒரு படி கீழேயே நின்றுவிடுகிற தாவல். கால் வைக்கப் படி இல்லாத இடத்தில் கால் வைத்த மாதிரி இருக்கும். அதை அவர் ஒவ்வொரு பகுதியிலும் ஒவ்வொரு வேடத்தில் கொண்டுவருகிறார். ஒரு இடத்தில் பகிடிபண்ணிச் சிரிக்கிற மாதிரி, ஒரு இடத்தில் பெரிய மேளத்தோடு, ஒரு இடத்தில் யாரோ தூரத்தில் சொல்கிற மாதிரி. தப்பமுடியாது என்று சொல்வதற்கு இது போதும்.

குருவின் இசையிலிருந்து சில ஸ்வரங்களை அவர் அப்படியே எடுத்துத் தன் கோர்வைக்குள் வைத்திருக்கிறார் என்று நீ சொன்னபோதுதான் நமக்குள் சண்டை வந்தது. "கேட்டோ எடுத்தவர்?" என்று நான் கேட்டேன். "செத்தவரிட்ட எப்பிடி அம்மா கேக்கிறது?" என்றாய். "வீட்டில ஆக்கள் இருப்பினம்தானே. அவையளிட்டக் கேக்கலாமெல்லே," என்றேன். நீ சிரித்துவிட்டு எழும்பிப் போனாய். நீ சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. நீயும் அதைத்தான் செய்யப்போகிறாய் என்று எனக்கு அப்போதே மணந்தது.

அடுத்த கிழமை நீ முன்னறையில் பியானோவில் உன் கோர்வையின் தொடக்கத்தை வாசித்தாய். நான் குசினியில் மா குழைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் மெட்டு வந்தது. எந்த ராகத்துக்கும் அடங்காத அவருடைய சொந்தச் சரக்கு. பரமட்டாவில் வரைபட அலுவலகம் விட்டு, ரெயில் இறங்கி, ஸ்டேஷனிலிருந்து ஏற்றத்தில் ஏறி வரும்போது அவர் தொடங்குவார். எங்கள் கேற் வரும்போது கடைசி அடிக்கு முந்தின அடி முடியும். கேற்றைத் திறந்து வாசலுக்கு வரும்போது கடைசி அடி முடியும். அந்தக் கணக்கில்தான் நான் பிட்டுப் பானையை இறக்குவேன். ஆனால் நீ வாசித்ததில் கடைசி அடி இல்லை. அதற்கு முன்னால் வெட்டுப்பட்டு நின்றது. ஸ்வரங்களுக்கு நடுவே அவர் இழுக்கிற இழுப்பும் இல்லை, எல்லாம் பியானோக் கட்டைகளாகத் தனித்தனியாக நின்றன. இவனுக்குத் தகப்பனையே சரியாக ஞாபகம் இல்லை, அதற்குள் தகப்பனைக் கொண்டுபோய்ப் பெரிய மண்டபத்தில் வெள்ளைக்காரருக்குக் காட்டப்போகிறான் என்று நினைத்தேன். பிழை எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. அந்த வருடக் கடைசியில் உன் கல்லூரியில் கச்சேரி ஒன்று நடந்ததே, அன்று இடைவேளையில் செக் மாஸ்டர் என்னைத் தேடி வந்தார். உன்னைப் பற்றி நல்லவிதமாகத்தான் பேசினார். பேச்சோடு பேச்சாக, உங்கள் மகன் இந்த இரங்கல் கோர்வையின் முதல் பகுதியை ஈஸ்டர் விடுமுறைக்கு முன்பே என்னிடம் கொண்டுவந்துவிட்டான், அப்போதே எனக்குத் தெரியும் இது பெரிய வேலை என்று, என்றார். ஈஸ்டருக்கு முன்பு. உன் அப்பா போனது ஆகஸ்டில். ஈஸ்டருக்கு உன் அப்பா வேலிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். நண்டுக்கறி வைக்கச் சொல்லி என்னை அரித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் பாதி கச்சேரியில் என்ன வாசித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. உயிரோடு நிற்கிற மனுசனுக்கு என் பிள்ளை சவப்பெட்டிக்கு அளவெடுத்திருக்கிறான் என்ற ஒரே நினைப்புத்தான். அந்த இசைத்தட்டுச் செக் நாட்டுக்காரரின் சாவுக் கதை உனக்கு அவ்வளவு பிடித்துப்போய், உனக்கும் ஒரு சாவு வேண்டியிருந்திருக்கிறது என்றுகூட நினைத்தேன். பெற்ற தாய் இப்படி நினைக்கலாமா என்று நீ கேட்கலாம். நினைத்தேன், என்ன செய்ய.

அடுத்த நாள் காலை நீ தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது நான் நேரடியாகவே கேட்டேன். "அப்பா உயிரோட இருக்கேக்கையே நீ அவருக்கு ஒப்பாரி எழுதினனியோ?" நீ முதலில் ஆங்கிலத்தில் ஏதோ தொடங்கினாய். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு வந்தாய்.

"ஒப்பாரி எண்டு நினைச்சு எழுதேல்லை, அம்மா. அப்பான்ர விசில் மாறிப்போச்சு. கேற்றடியில நிண்டிடும். கடைசி வரி வாறேல்லை. ஏனெண்டு எனக்குத் தெரியாது. கேக்கேக்கை ஒரு மாதிரி இருந்தது, அதைத்தான் எழுதிப் பாத்தனான். மாஸ்டர்தான் கேட்டிட்டு இது துக்கம் எண்டு சொன்னவர்."

"பொய் சொல்லாதே. அவர் ஒவ்வொரு நாளும் முழுக்க ஊதிக்கொண்டுதான் வந்தவர். நான் கேட்டனான்."

"நீங்கள் கேக்கேல்லை, அம்மா," என்றாய். வயலின் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். மூன்று மாதத்துக்குள் மெல்போர்னுக்கும் போய்விட்டாய்.

உன் வார்த்தையை நான் அப்படியே எடுத்துக்கொள்வேனா? பக்கத்து வீட்டு மனுசியிடம் போனேன். அவள் பின்னேரத்தில் தன் முன்வளவில் ரோசாச் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறவள், எங்கள் கேற் அவளுக்கு நேரே தெரியும். என் கணவர் வேலையால் வரும்போது கேற்றடியில் நிற்பாரா என்று கேட்டேன். அவள் முகம் மலர்ந்து, ஆமாம், கடைசி வருடம் முழுக்க நிற்பார், கேற்றின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கன நேரம் நிற்பார், என் ரோசாப் பூக்களைப் பார்க்கிறார் என்று நினைத்து நான் கையசைப்பேன், அவரும் கையசைப்பார் என்றாள். ஏற்றம் ஏறி வந்த மனிதருக்கு மூச்சு முட்டியிருக்கிறது. கம்பியைப் பிடித்து மூச்சை மீட்டுக்கொண்டு, சிரித்த முகத்தோடு உள்ளே வந்திருக்கிறார். எனக்குத் தெரிந்தால் அன்றைக்கே கையைப் பிடித்து இழுத்து இரத்தம் எடுப்பேன் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். என் கண்ணை ஏய்க்க அவருக்கு வேறு வழியிருக்கவில்லை, வாசலுக்கு வெளியிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வந்தார். நான் அவளிடம் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து குசினிக் கதிரையில் இருந்தேன். அன்று சமைக்கவில்லை.

தம்பி, நான் கேட்டேன். அதுதான் என்னைத் தின்கிறது. அந்த மாதங்களில் ஒவ்வொரு பின்னேரமும் கடைசி அடியை நான் என் காதால் கேட்டேன், கேட்டுத்தான் பானையை இறக்கினேன். கோவிலில் ஏறிச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன். ஊதாததை நான் எப்படிக் கேட்டேன்? அவர் விட்ட இடத்திலிருந்து என் மனம் தானாக எடுத்து முடித்திருக்கிறது. அது அவ்வளவு பழகிய மெட்டு. உலகத்தில் உள்ள எல்லாரையும் சந்தேகப்பட்ட நான், என் காதை மட்டும் சந்தேகப்படவில்லை. நீ கேட்டாய். நீ கேட்டதைக் கேட்டபடியே எழுதினாய், அழகாக்கவில்லை, நிரப்பவில்லை. இழுப்புகளை விட்டது ஏன் என்றும் எனக்கு இப்போது விளங்குகிறது. மூச்சில்லாதவர் இழுக்க மாட்டார். உன் செக் மாஸ்டர் சொன்ன காது இதுதான் போல. அவரிடம் சொல்லு, பால் இல்லாத தேநீரை நான் இப்போதும் நம்பவில்லை, அவர் சொன்னதை நம்புகிறேன்.

இனி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். முடிவில் வெளிச்சம் வைக்கிறவர்களை நான் நம்புவதில்லை. அதனால் அந்தச் செக் கோர்வையின் முடிவைத்தான் கடந்த கிழமை முழுக்கத் திரும்பத் திரும்பப் போட்டேன். பெரிய மேளத்தின் அடியோடு தொடங்கி, சண்டைபிடித்து, களைத்து, கடைசியில் எல்லாம் தணிந்து சாந்தமாக முடிகிறது. இவர் எங்களை ஏமாற்றுகிறாரா என்று காதைத் தீட்டிக் கேட்டேன். ஏமாற்றவில்லை என்றுதான் நினைக்கிறேன். பயமுறுத்தின தாவலை அவர் வெளியே துரத்தவில்லை. அதையே கூட்டிக்கொண்டு வந்து, கடைசியில் அதற்குப் பக்கத்தில் இருந்துவிடுகிறார். அழுது முடிந்த மனிதர் அப்படித்தான் இருப்பார். ஆனால் நீ இன்னும் அழுது முடியவில்லை. நீ என்னிடம் கடைசி அடியைக் கேட்கிறது உன் கோர்வைக்கா, அல்லது அப்பாவை வாசல் வரைக்கும் எப்படியாவது கொண்டுவந்து சேர்க்கவா? முதலில் அதை உனக்குள் சந்தேகப்பட்டுப் பார். வருகிற கைதட்டலையும் சந்தேகப்படு. அழகாக வந்துவிட்ட இடத்தை இரண்டாம் முறை எடுத்துப் பார். நான் உனக்குச் சொல்லக்கூடிய புத்தி இவ்வளவுதான், எனக்கு வேறு தெரியாது.

தருவோம் என்றுதான் நேற்றுப் பாடிப் பார்த்தேன். குசினியில் ஒருவரும் இல்லை. முதல் அடிகள் வழுக்கிக்கொண்டு வந்தன. கடைசி அடி ஒரு தரம் மேலே போய் முடிந்தது. அடுத்த தரம் கீழே இறங்கி முடிந்தது. இரண்டும் அவர் மாதிரித்தான் இருந்தன. எது அவர் ஊதியது, எது அந்தக் கடைசி வருடத்தில் நான் உள்ளே இருந்து நிரப்பியது என்று எனக்குத் தெரியவில்லை. பார்க்கப் பார்க்க மாறுகிற தகட்டுக்கு நான் கையெழுத்து வைக்கிறவள் அல்ல. இது உன் அப்பாவின் கடைசி அடி என்று நான் எழுதித் தந்தால் அது பொய். அதனால் அவருடையது என்று நான் அதைத் தரமாட்டேன்.

என்னுடையது என்று தருகிறேன். அப்பாவை எந்த வாத்தியத்தில் வைத்திருக்கிறாயோ, அவர் கேற்றடியில் நிற்கட்டும். நீ எழுதினபடியே நிற்கட்டும், ஒரு ஸ்வரமும் கூட்டாதே. பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் ஒன்றும் வாசிக்க வேண்டாம். அந்த நேரத்தில் அவர் கம்பியைப் பிடித்து மூச்செடுக்கிறார், கேட்கிற சனத்துக்கு அது தெரியத் தேவையில்லை, உனக்குத் தெரிந்தால் போதும். அதற்குப் பிறகு வேறொரு வாத்தியம், அதுவரை வாயே திறக்காத ஒன்று, உள்ளே இருந்து அந்த அடியை முடிக்கட்டும். வெளியே ஒருவர் நிற்கிறார் என்று தெரியாமல், எல்லாம் வழமைபோல் இருக்கிறது என்று நினைத்து, வேலையோடு வேலையாக முடிக்கட்டும். சோகமாக வாசிக்கச் சொல்லாதே. எனக்கு அப்போது சோகம் இருக்கவில்லை. எந்த வாத்தியம் என்று நீயே பார். உன் பேச்சில் அடிக்கடி வருகிற அந்த ஓபோக் குழல் ஊதுகிற பெண்பிள்ளை என்றால், முதலில் அவளை எனக்குக் காட்டு.

வெள்ளிக்கிழமை ரெயிலில் வருகிறேன், ஸ்டேஷனுக்கு வா. போனில் பாட மாட்டேன், உனக்கு முன்னால் இருந்துதான் பாடுவேன். மேலே போகிறது ஒன்று, கீழே இறங்குகிறது ஒன்று, இரண்டையும் பாடுவேன். எதை எடுப்பது என்று நீயே முடிவுசெய், காது உன்னுடையது. கச்சேரி நாளிலும் முன்வரிசையில் இருந்து கேட்பேன். அப்பா நிற்கிற இடத்தில் என் மனம் பழையபடி முந்திக்கொண்டு முடிக்கப் பார்க்கும். இந்த முறை நான் அதை விடமாட்டேன். அவர் மூச்செடுத்து முடியும்வரைக்கும் நானும் அவரோடு நிற்பேன்.

அம்மா